உன் பெயரில் நான் கொடுத்த டப்பா

என் உயிரான அண்ணா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. நீ ஓட்டிய புதூர்நாட்டு மலை ஜீப்பை இப்போது நம் தம்பி மணிதான் ஓட்டுகிறான். உன்னைப் போலவே வாய் ஓயாமல் பேசுகிறான். மலத்தில் ரத்தம் போவதை மட்டும், உன்னைப் போலவே, என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் மலப் பரிசோதனைக்கு நர்ஸம்மா வீட்டுக்கு வீடு கொடுத்த டப்பாவை என்னிடம் நீட்டினான். "நீயே போட்டுக் குடுத்துடுக்கா. எனக்கு வெக்கமா கீது."

அன்றைக்கு நீயும் இதைத்தானே கேட்டாய்? நர்ஸம்மா நம் ஊர்ப் பெண், அவர் கையில் எப்படிக் கொடுப்பது என்று கூசினாய். மூலச்சூடுதானே என்று நானும் என்னுடையதைப் போட்டு உன் பெயரில் கொடுத்தேன். ரத்தம் இல்லை என்று முடிவு வந்தது. சிரித்தோமே அண்ணா, இரண்டு பேரும்! குடலில் கட்டி என்று தெரிந்தபோது ஈரல்வரை பரவியிருந்தது.

கிருமியால் வந்த நோய், ஒட்டிக்கொள்ளும் என்று ஊரில் உனக்குத் தட்டைத் தனியாக வைத்தார்கள். டாக்டரிடம் நேராகவே கேட்டேன். குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியா குடியிருக்கிறதாம், பெரும்பாலும் நமக்கு நல்லதே செய்கிறதாம். சில வகை மட்டும் குடல்சுவரைப் புண்ணாக்கி, நஞ்சால் செல்லின் மரபணுவைக் கெடுத்து, புற்றுநோய்க்கு வழிவிடக்கூடுமாம். வாயில் வாழும் ஒன்றைக் கட்டிக்குள்ளேயே பார்த்திருக்கிறார்களாம். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, சாப்பாடு, புகை, குடும்ப வாகு எல்லாம் சேரும் என்றார். தட்டால் ஒட்டாது என்பதை மட்டும் அடித்துச் சொன்னார்.

உன் குடலில் எது செய்தது? யாருக்கும் தெரியாது. நான் செய்தது எனக்குத் தெரியும்.

மணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்த் தானே கொடுத்தான். ரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்துவிட்டது. கட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, இருந்தாலும் சீக்கிரம் பிடித்தால் எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். செவ்வாய்க்கிழமை வேலூரில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். சவாரி இருக்கிறது என்று இழுக்கிறான். ஜீப் சாவியை நான் பிடுங்கி வைத்துவிட்டேன்.

அண்ணியிடமும் சொன்னேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவர இஸ்துகினு போயிருப்பேனே, சாந்தி" என்றார்.

ஆனால் செவ்வாய்க்கிழமை அண்ணியும் எங்களோடு வருகிறார்.

மணிக்குச் சோதனை முடியாமல் திரும்ப மலையேற மாட்டேன். இனி இந்த மலையில் எந்த வீட்டில் யார் கூசினாலும், அங்கே போய் உட்கார்ந்து நடந்ததைச் சொல்வேன் அண்ணா, என் பெயரோடு.

உன் பெயரில் பொய் கொடுத்த
உன் தங்கை,
சாந்தி