பேசிக்கொண்டே வந்தோம், அக்கா

அக்கா,

வேனைக் கழுவ இன்று பின் இருக்கைகளைக் கழற்றினோம். ஜன்னலோர இருக்கைக்கு அடியில், இரும்புச் சட்டத்தில் சிக்கிக்கொண்டு ஒரு எலுமிச்சம்பழம் கிடந்தது. கறுத்துக் காய்ந்து கூழாங்கல் மாதிரி ஆகியிருந்தது. நகத்தால் கீறினேன். உள்ளே இன்னும் வாசனை இருந்தது. டிரைவர் பாவா பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கெட்டை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போய்விட்டார்.

அது உன்னுடையது. டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது உனக்குக் குமட்டும். தண்ணீரும் இஷ்டத்துக்குக் குடிக்கக் கூடாது. அதனால் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே வருவாய். பாவா வெள்ளிக்கிழமை தவறாமல் சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து நசுக்குகிற ஆள். "ஏன் பாவா, சக்கரத்துக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ரெண்டு பேர்ல யாரு மொதல்ல பஞ்சராவுறோம்னு பாப்போமா?" என்று சீண்டுவாய். தெலுங்கு பேசுகிற அந்த மனிதருக்குப் பாவா, அதாவது மச்சான், என்று பெயர் வைத்ததே நீதான். கடைசியில் அவர் ஓனர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

இந்த வேனுக்காக நான் எத்தனை பேர் வாசலில் நின்றேன் என்பது உனக்குத் தெரியும். என் அம்மா இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய், நின்றுகொண்டே திரும்பிச் செத்தவள். அடிபட்டால் ஒரு வண்டி அலறிக்கொண்டு வருகிறது. செத்தால் பிணத்தைக் கொண்டுபோய்ப் போட ஒரு வண்டி இருக்கிறது. வாரத்துக்கு மூன்று முறை ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் உயிர் தங்கும் என்கிற கூலிக்காரிக்கு மட்டும் பஸ் ஸ்டாண்டைக் காட்டுகிறார்கள். இந்த நாட்டில் இலவசமாக வண்டி ஏற வேண்டுமென்றால் ஒன்று சாகக் கிடக்க வேண்டும், இல்லை செத்திருக்க வேண்டும்.

முதலில் கிடைத்த வேன் ஒரு சாவோடு நின்றுபோனது. திரும்பி வரும் வழியில் ஒருவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மற்ற நாட்களில் கல்யாணத்துக்கும் மலைக்கோயிலுக்கும் சவாரி போகிற வண்டி அது. சாவு விழுந்த வண்டியில் மணப்பெண்ணை எவன் ஏற்றுவான் என்று கேட்டு அந்த ஓனர் சாவியை வாங்கிக்கொண்டார். நான் அடுத்த வண்டி பிடிப்பதற்குள், ஆஸ்பத்திரியில் உன் பக்கத்துக் கட்டிலில் படுக்கிற பெண் பஸ் ஏற முடியாமல் வீட்டிலேயே கிடந்து, உடம்பெல்லாம் வீங்கிச் செத்தாள்.

அவளை எரித்த வாரம்தான் நீ சட்டம் போட்டாய். புது வேனில், எல்லோரையும் திரும்பிப் பார்க்கச் சொல்லிவிட்டு.

"தோ பாருங்க. ரோட்டுல எனக்கு எதுனா ஆச்சுன்னா எவனும் கத்தக் கூடாது. அவ தூங்கறான்னு சொல்லணும். ஊடு போய்ச் சேர்ற வரிக்கும் எங்கூடப் பேசிகினே வரணும். இந்த வண்டியும் நின்னுச்சுன்னா அடுத்து யாரு வீங்குறது? நீயா, நானா?"

திருவாலங்காட்டில் கரும்பு வெட்டிய கிழவர், நாம் நைனா என்று கூப்பிடுகிறவர், "அன்னிக்காவது நாங்க பேச, நீ கேட்டுகினு வருவியே" என்றார். வேனே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகக் கேட்டு "ஆங்" வாங்கினாய். பாவா மட்டும் சொல்லவில்லை. ரியர்வியூ கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். கடைசியில் அவரும் சொன்னார்.

ஆடிக் கிருத்திகை அன்று மலைக்குச் சவாரி குவிகிறது, இன்று ஒரு நாள் விட்டுவிடக் கூடாதா என்று ஓனர் போன் செய்தார். நீ என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாய். "கிருத்திகைன்னு என் ரத்தம் லீவு போடுமா மொதலாளி?" வண்டி வந்தது.

மத்தியானம் திரும்பினோம். சாலை முழுக்கக் காவடி. மஞ்சள் துணி, மேளம், அரோகரா. வேன் ஊர்ந்தது. உன் கையிலிருந்து பழம் விழுந்து உருண்டது. பக்கத்தில் இருந்த நைனா குனிந்து தேடினார், கிடைக்கவில்லை. நிமிர்ந்து உன்னைப் பார்த்தவர் அப்படியே இருந்தார். நான் எழுந்து வந்து உன் கழுத்தில் விரல் வைத்தேன். மூக்குக்குக் கீழே கை வைத்தேன். உன் இமையை விலக்கிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குத் திருப்பலாம் என்றேன். பாவா சாலையைக் காட்டினார். முன்னாலும் பின்னாலும் சனம். போலீஸ்காரர் போ போ என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் பேசியது நைனாதான். "ஏம்மா, உங்கூட்டுப் பக்கம் மழை உண்டா?" என்று உன்னிடம் கேட்டார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. முன் சீட்டில் இருந்த காலேஜ் பெண், நம்மோடு டயாலிசிஸுக்கு வருகிறவர்களிலேயே சின்னவள், தன் பரீட்சையைப் பற்றி உனக்குச் சொல்ல ஆரம்பித்தாள். கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, பேச்சு நிற்கவில்லை. வெள்ளரிக்காய் விற்கிறவன் ஜன்னலில் வந்து உன்னிடம் தட்டை நீட்டினான். "தூங்குறாங்கப்பா" என்றேன்.

அப்புறம் ஒரு காவடிக்காரப் பெண் வந்தாள். கண் சொருகியிருந்தது. விபூதியை அள்ளி ஜன்னல் வழியாக உன் நெற்றியில் பூசினாள். பூசிய கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"நெத்தி இன்னா தாயி இவ்ளோ ஜில்லுனு கீது? ஏசி வண்டியா?"

அவள் கையை விலக்க நான் எழுந்தேன்.

"ஆங்" என்று நீளமாகப் பதில் வந்தது.

அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டாள். மேளம் எங்களைத் தாண்டிப் போனது.

கனகம்மாசத்திரத்தில் நைனா இறங்கினார். மகன் பைக்கோடு நின்றிருந்ததால் எப்போதும்போல "வரேம்மா, நாளன்னிக்குப் பாக்கலாம்" என்று உனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார். திருத்தணியில் காலேஜ் பெண் இறங்கி, ஜன்னல் வழியாக உன் முந்தானையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஆந்திரா பக்கம் உன் காலனி வரைக்கும் நானும் பாவாவும்தான் பேசினோம். சட்டென்று எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. கடைப் பெயர்ப் பலகைகளை உனக்கு வாசித்துக்கொண்டு வந்தேன். மேடு பள்ளத்தில் உன் தலை ஆடியது. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிற மாதிரி ஆடியது.

உன் தங்கச்சி வாசலில் நின்றாள். நாங்கள் தூக்கி வருவதைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "அக்கா சொல்லித்தான் வெச்சிருந்துச்சு" என்றாள். உன்னைக் கட்டிலில் படுக்கவைத்த பிறகுதான் அவள் வாயைத் திறந்து அழுதாள். மறுநாள் ஓனர் மாலையோடு வந்தார். "ஊட்ல, கட்டில்ல போச்சு. குடுத்து வெச்ச சாவு" என்றார். "ஆமாங்க மொதலாளி" என்றாள் உன் தங்கச்சி.

வண்டி நிற்கவில்லை, அக்கா.

உன்னை எரித்துவிட்டு வரும்போது பாவாவிடம், "அந்த நேரத்துல நல்லவேளையா ஆங் சொன்னீங்க" என்றேன். அவர் நடையை நிறுத்தினார். "நானா? நீ சொன்னன்னு நெனச்சேன்." நைனாவிடம் கேட்டேன். காலேஜ் பெண்ணிடம் கேட்டேன். இரண்டு பேரும் தாங்கள் இல்லை என்றார்கள். நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. சத்தம், வெயில், பயம். எது யார் வாயிலிருந்து வந்தது என்று அந்த நெரிசலில் எவனுக்குத் தெரியும்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் இடத்தில் இப்போது ஒரு கொத்தனார் வருகிறார். அவருக்கு எதுவும் தெரியாது. அவர் கண் அசந்தால் வேனில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிக்கிறோம். "இன்னாய்யா, மனுசன் தூங்கக் கூடாதா?" என்று எரிந்து விழுகிறார். அவர் எரிந்து விழுந்தால் எங்களுக்கு நிம்மதி.

பாவா பக்கெட்டோடு திரும்பி வந்து என் கையைப் பார்த்தார். பழம் இன்னும் என் கையில்தான் இருந்தது. தூக்கிப் போடச் சொல்வார் என்று நினைத்தேன். "எட்த்த எடத்துலயே வெச்சிடு" என்றார். வைத்தேன். மேலே இருக்கையைப் போட்டு போல்ட்டை முறுக்கினோம்.

நாளைக்கு ஆஸ்பத்திரி வாசலில் வழக்கம்போல, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்பேன். நைனா ஆங் சொல்வார், காலேஜ் பெண் சொல்வாள், கொத்தனார் முனகுவார். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லோரும் சொல்லி முடித்த பிறகு ஜன்னல் பக்கமிருந்து இன்னொரு ஆங் வரும், உன்னுடையதைப் போலவே நீளமாக. அது வந்த பிறகுதான் "எடு பாவா" என்பேன்.