குளக்கட்டு ஏறாத செயின்

ஜூலை 14, திங்கள்
கச்சான் காற்று. முற்றம் முழுக்கப் புழுதி, கூட்டியும் பயனில்லை.

புதுக்குடியிருப்பில் சைக்கிளின் பின் சக்கரத்துக்குப் பெரிய கியர்ப் பற்கள் போட்டாயிற்று. இனி முழங்கால் நோகாமல் குளக்கட்டு ஏறலாமாம். செயினும் புதிது.

"வைச்சிட்டுப் போங்கோ அம்மா. வவுனியாவுக்குப் போட்டு வந்து அளந்து பூட்டித் தாறன்."

"வியாழன் என்ரை வயலுக்குத் தண்ணி முறை. செயினைத் தாங்கோ, நான் பூட்டுவன்."

கடைக்காரர் சிரித்தார். பிடிக்கவில்லை. சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோவில் வீடு.

பழைய செயினைப் பாயில் நீட்டி, பக்கத்தில் புதியதை வைத்து, கண்ணிக்குக் கண்ணி சரிபார்த்து வெட்டினேன். மடத்தில் தையல் படிப்பித்த மதரின் முறை: மாதிரியை விட ஒரு நூல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வெட்டும் கருவி, என் கணவர் விட்டுப்போன பெட்டியில் இருந்தது. மிச்சத் துண்டு பிஸ்கற் தகரப் பேணியில்.

ஜூலை 15, செவ்வாய்
சீனியில்லாத தேநீர். வாங்க மறதி.

குளக்கட்டு அடியில் பெரிய பல்லுக்கு மாற்றினேன். செயின் கம்பிபோல் இறுகியது. பெடல் நின்றது. விழுந்தேன். இடது முழங்கையில் சிராய்ப்பு, சேலைக் கரையில் கிழிசல். கட்டின் மேல் மாடு சாய்த்து ஓட்டிப் போனவர்கள் பார்த்தார்கள். ஒருத்தி: "உவவுக்கு இந்த வயசில கியர் கேக்குது." கேளாதவள்போல் எழும்பினேன்.

சின்னப் பல்லில் ஓடுகிறது, ஆனால் ஏற்றத்தில் முழங்கால் விடாது. வயலுக்கு வேறு வழியில்லை. வாய்க்கால் கரையில் ஓட்டோ போகாது. நடந்தால் பாதியில் குந்திவிடுவேன்.

நெல் குடலையில், கதிர் வெளிவரப்போகும் பருவம். இந்தத் தண்ணீர் தவறினால் எல்லாம் பதர். முறை நேரத்தில் மடையில் ஆள் நிற்காவிட்டால் அடுத்த வயலுக்குப் போகும், கமக்காரர் அமைப்பின் சட்டம். அடுத்த வயல் பரமுவுடையது.

மகள் ரஞ்சி வவுனியாவிலிருந்து போன்.

"இந்தப் போகமும் அழிஞ்சா நீங்கள் இங்க வந்திடவேணும் அம்மா. உங்கட மருமகன் வயலைக் குத்தகைக்குக் குடுக்க ஆள் பாத்திட்டார்."

"அந்த ஆளிட்டைச் சொல்லு, நான் இன்னும் சாகேல்லை எண்டு."



ஜூலை 16, புதன்
கடை பூட்டு. கடைக்காரர் போன் எடுக்கவில்லை.

எனக்காக மடையைத் திறந்துவிடச் சொல்லிப் பரமுவைக் கேட்கலாம். கேட்கமாட்டேன். கேட்டால் என்ன? கேட்கமாட்டேன்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து பார்த்தபடியே இருந்தேன். பிறகுதான் புத்தியில் பட்டது. மாதிரியே பிழை. பழைய செயின் பழைய பற்களுக்கு அளவு. பின்னால் வட்டம் பெருத்துவிட்டது, அதே நீளம் எப்படிப் போதும்? வளர்ந்த பிள்ளைக்குப் போன வருடச் சட்டையை வைத்து வெட்டியிருக்கிறேன், அதுவும் பிசகில்லாமல்.

செயினை இழுத்துப் பிடிக்கும் கையை விட்டுவிட்டு, முன் பல்லையும் பின் பெரிய பல்லையும் நேரே சுற்றினேன். முனைகள் தொடவில்லை. தொடும் வரை ஒரு துண்டு, அதற்கு மேல் இரண்டு கண்ணி, அந்தக் கை மடங்க இடம். பேணியில் கிடந்த துண்டு போதும். இணைக்க இன்னொரு பூட்டுக் கண்ணி வேண்டும். பழைய செயினில் ஒன்று, துருப்பிடித்து. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். அசையவில்லை. மறுபடி. நகம் உடைந்தது. அழுதேன், நகத்துக்காக அல்ல.

பொழுதுபடக் கழன்றது. பூட்டினேன். ஏற்றத்தில் விட்டுப் பார்க்க வெளிச்சம் இல்லை.

ஜூலை 17, வியாழன்
வயல் வரம்பில் இருந்து எழுதுகிறேன். காற்று தாளைப் பறிக்கிறது.

குளக்கட்டு அடியில் பெரிய பல். செயின் இறுகவில்லை. இறங்காமல் ஏறினேன். ஆனால் அந்தக் கியரில் கால்தான் சுற்றுகிறது, சைக்கிள் ஊர்கிறது. பிந்திவிட்டேன். மடையில் பரமு. தண்ணீர் அவர் பக்கம்.

"அக்கா வரமாட்டியள் எண்டு நினைச்சன். விழுந்தனீங்களாம்."

"விழுந்தனான். எழும்பினனான். மடைப் பலகையை மாத்தும்."

"பாதி நேரம் போட்டுது அக்கா."

"மிச்சப் பாதி என்ரை."

என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். மாற்றினார்.

என் வயலின் மேல்தட்டு வெடிப்புகள் தண்ணீரைக் குடிக்கின்றன, நிரம்புவதாயில்லை. கீழ்த்தட்டு வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது. அதுவரை எட்டாவிட்டால் ரஞ்சி சொன்னதுதான்.

அவள்தான் அழைக்கிறாள். எடுக்கவில்லை. கை முழுக்கச் செயின் எண்ணெய், தாளிலும்.

தண்ணீர் கீழ்த்தட்டு வாயில் வந்து நிற்கிறது. நிற்கிறது. வாயை வெட்டிவிட்டால் கீழே இறங்கும், மண்வெட்டி எங்கே