ஃப்ரிட்ஜில் நான் வைத்த பாட்டில்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். மேலே படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக்கொண்டு போன பாட்டிலை லாரியிலிருந்து இறக்கித் தனியாக வையுங்கள். அதில் இருப்பது தண்ணீர் இல்லை. விற்பதற்காக நான் கலக்கிய துணி துவைக்கும் திரவ சோப்பு.

விளையாடுகிறேன் என்று நினைக்காதீர்கள். தார்ப்பாய் அண்ணன் நீங்கள் சரக்கு ஏற்றும் யார்டுக்குத்தான் தைத்த தார்ப்பாய்களைக் கொண்டுபோகிறார். இந்தக் கடிதத்தை அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். வாயால் சொன்னால் போதாதாம்மா என்று கேட்டார். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் எதை நிஜமாகப் பேசியிருக்கிறீர்கள்? அவர் சொன்னால் சிரித்துக்கொண்டே இன்னொரு மடக்கு குடிப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இது சோப்பா, கஞ்சித் தண்ணியா என்று என்னை எத்தனை ஓட்டு ஓட்டினீர்கள். தெளிவா மட்டும் வரட்டும், நானே குடிச்சுக் காட்டறேன் என்று பிள்ளைகள் முன்னால் சவால் வேறு விட்டீர்கள். காலையிலிருந்து அந்தப் பேச்சுதான் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

தெளிவாக வந்துவிட்டது. குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டு, நீங்கள் லாரி பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் கலக்கிப் பார்த்தேன். உப்பைக் கொட்டாமல் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டேன். சாயமும் இல்லை, வாசனை எண்ணெயும் இல்லை. அந்த எண்ணெய்தான் ஒவ்வொரு தடவையும் சோப்பைக் கலங்க வைத்தது. பாட்டிலுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரிந்தது.

ஆனால் கலக்கிய அன்றைக்கு மட்டும் தெளிந்து என்ன பிரயோஜனம்? போன தடவை குளிர் வந்ததும் அடியில் வெள்ளையாகப் படிந்து, வாங்கினவர்கள் திருப்பிக்கொடுத்தார்களே. அதனால் ஒரு பாட்டிலை மாடிச் சுவரில் வெயிலிலும், இன்னொன்றை ஃப்ரிட்ஜிலும் வைத்தேன். கையில் கிடைத்தது காலித் தண்ணீர் பாட்டில்தான். சீட்டு ஒட்டியிருக்கலாம். ஒட்டினால் நீங்கள் பார்த்துவிடுவீர்கள். கலங்காமல் நின்ற பிறகு உங்கள் முன்னால் கொண்டுவந்து வைத்து மூக்கை உடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்தப் பாழாய்ப்போன ஆசையால் ஒட்டவில்லை.

நீங்கள் கிளம்பின பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பாட்டில் பளிச்சென்று இருந்தது. சந்தோஷத்தில் சின்னவளின் சீருடையை அதில் நனைத்துத் தேய்த்தேன். நுரை வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். வரவில்லை. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். வெறும் தண்ணீர். உங்கள் தண்ணீர் பாட்டில் இங்கேயே இருக்கிறது, என்னுடையதை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

உங்கள் போனோ ரிப்பேர் கடையில் கிடக்கிறது. யார்டுக்குப் போன் செய்தேன். எடுத்த ஆள் சரிம்மா சொல்றேன் என்று பாதியிலேயே வைத்துவிட்டார். அந்தக் குரலைக் கேட்டால் யாரிடமும் சொல்வார் என்று தோன்றவில்லை. மற்ற நேரம் கேனில்தான் குடிப்பீர்கள், அது தெரியும். சாப்பாட்டுக்குப் பிறகு போடும் அந்தப் பிரஷர் மாத்திரையை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. வாயில் போட்டதும் ஃப்ரிட்ஜ் பாட்டிலை எடுத்து, கண்ணை மூடி, அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொள்வீர்களே. ருசி தெரிவதற்குள் பாதி உள்ளே போயிருக்கும்.

மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன். குடித்திருந்தால் விரலை விட்டு வாந்தி எடுக்கவே கூடாதாம். நுரை நெஞ்சுக்குள் ஏறிவிடுமாம். வாயைக் கொப்பளித்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். லாரியை ஓட்டாதீர்கள், தார்ப்பாய் அண்ணன் வண்டியில் போங்கள். பாட்டிலையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். நுரை வரவைக்கும் பசை, உப்பு, கொஞ்சம் எலுமிச்சை உப்பு, இவ்வளவுதான் போட்டிருக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். எந்தப் பாட்டில் என்று சந்தேகம் வந்தால் குலுக்கிப் பாருங்கள். என்னுடையதில் எழும்பும் நுரை லேசில் அடங்காது.

பெரியவள் ஏன் அழறீங்க என்று கேட்டாள். கண்ணில் சோப்பு பட்டுவிட்டது என்றேன். வெயிலில் வைத்த பாட்டில் இன்னும் கலங்காமல்தான் நிற்கிறது. நான் ஜெயித்துவிட்டேன். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன் ஹாரன் அடிக்கிறார். இந்தத் தாளின் பின்பக்கம் உங்கள் கையால் ஒரு வரி எழுதி அவரிடம் கொடுத்தனுப்புங்கள். நல்லா இருக்கான் என்று அவர் வந்து சொன்னால் நான் நம்பமாட்டேன். உங்கள் எழுத்து வேண்டும். திட்டியே எழுதுங்கள். இல்லாவிட்டால் கேலியாக எழுதுங்கள். உன் சோப்பு இன்னும் கலங்கல்தான் என்று எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

வாசலிலேயே நிற்கும்,
பிள்ளைகளின் அம்மா