டிவி போடாத வீட்டில் ஒரு கண்ணாடி

என் கண்ணான செல்விக்கு,

நாளைக்கு உனக்குப் பதினாறாம் நாள் காரியம். புயலில் சாய்ந்ததே நம் முருங்கை, அந்த இடத்தில் பந்தல்காரர் கம்பு ஊன்றிவிட்டுப் போயிருக்கிறார். வீடு நிறைய உன் ஆட்கள், என் ஆட்கள். ஆனாலும் நடந்ததைச் சொல்ல எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உன் தம்பி மணி சிங்கப்பூரிலிருந்து ஒரு சாமான் கொண்டுவந்திருக்கிறான். கண்ணில் மாட்டிக்கொள்ளும் 3டி கண்ணாடி. காதையும் சேர்த்து மூடிவிடும். மாட்டினால் சினிமா கொட்டகையில் முன்வரிசையில் உட்கார்ந்த மாதிரி படம் தெரியும். நீ எழுந்து உட்கார முடியாமல் கிடந்தபோது, அக்கா படுத்தபடியே படம் பார்க்கட்டும் என்று வாங்கினானாம். அவனுக்கு லீவு கிடைப்பதற்குள் நீ கிளம்பிவிட்டாய். கூட்டமாக இருந்தால் சிதம்பரம் பஸ்ஸையே விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறவள், இதில் மட்டும் ஏன் முந்திக்கொண்டாய்?

பவியிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை. ஐந்து வயசுப் பிள்ளை. உன்னை எடுத்த அன்று அவளைச் சிதம்பரத்தில் உன் சித்தி வீட்டில் விட்டிருந்தோம். அம்மா பாண்டி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று நான்தான் சொல்லிவைத்தேன். காரியம் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

துக்க வீட்டில் டிவி கூடாது என்று என் காடாம்புலியூர் அக்கா வந்த அன்றே வயரைப் பிடுங்கிவிட்டாள். நேற்று மத்தியானம் நான் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மணிக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, இத செத்த நேரம் மாட்டிப் பாருங்க."

"துக்கத்துல என்னடா படம்? அக்கா கத்தும்."

"அவுங்க டிவிதான போடக் கூடாதுன்னாங்க? இதுல வெளிய சத்தமே வராது மாமா. யாருக்கும் தெரியாது."

அவன் மனசுக்காக மாட்டிக்கொண்டேன். கடலுக்கடியில் எடுத்த படம். தலைக்கு மேல் தண்ணீர், கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். சில்வர் பீச்சில் கணுக்கால் நனைந்தாலே என் சட்டையைப் பிடித்துத் தொங்குவாயே, இதைப் பார்த்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பாய். பெரிய மீன் ஒன்று நேராக என்னைப் பார்த்து வந்தது. பயந்து தலையைப் பின்னால் இழுத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. வீடு மறந்தது, அழுகை மறந்தது. நீ செத்ததும் மறந்துபோனது செல்வி.

"ஏ செல்வி, இங்க ஓடியாயேன்! மீனு மூஞ்சிலயே வந்து முட்டுது!"

கண்ணாடியிலிருந்துதான் வெளியே சத்தம் வராது, என் வாய்க்கு ஏது மூடி? காது அடைத்திருந்ததால் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கழற்றிப் பார்த்தால் கூடத்தில் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பவி ஓடிவந்தாள்.

"அம்மா வந்துடுச்சாப்பா?"

அடுப்படியில் போய்ப் பார்த்தாள். கொல்லைக்கு ஓடினாள். திரும்பி வந்து என் கையிலிருந்த கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தாள்.

"இதுக்குள்ளியா இருக்குது அம்மா?"

மணி எழுந்து வெளியே போய்விட்டான். அவளே எடுத்து மாட்டிக்கொண்டாள். சின்னத் தலையில் அது நிற்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பித் தேடினாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே படம்தான் வரும் என்று அவளுக்குத் தெரியாது.

"மீனுதாம்ப்பா இருக்குது. அம்மாவக் காணும்."

அப்போதும் உண்மையைச் சொல்லாமல், கண்ணாடியை வாங்கிப் பரணில் வைத்தேன். இன்றைக்குக் காலையிலிருந்து அந்தக் கண்ணாடியைக் கேட்டு அழுகிறாள்.

அந்தக் கொஞ்ச நேரம் நீ அடுப்படியில் இருந்தாய். கழற்றியதும் இன்னொரு தரம் செத்தாய். இனிமேல் நல்லதாக எது கண்ணில் பட்டாலும் எனக்கு உன்னைத்தானே கூப்பிட வரும்? எதையுமே பார்க்காமல் இருந்துவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. பிள்ளையை வைத்துக்கொண்டு அப்படியும் இருக்க முடியவில்லை.

நாளைக்கு ஆட்கள் வருவதற்கு முன்னால் அவளை மடியில் வைத்து நானே சொல்லிவிடுகிறேன். அம்மா எதற்குள்ளும் இல்லை, இனி வரமாட்டாள் என்று. அவள் அழுது ஓயும்வரை கீழே இறக்கிவிட மாட்டேன், இது சத்தியம். அவள் முன்னால் அழமாட்டேன் என்று மட்டும் என்னிடம் சத்தியம் கேட்காதே.

உன் பவிக்கு இனி மிச்சமிருக்கும்
அப்பா