ஒரே அளவில் இரண்டு அறைகள்

கடுகின் அம்மாவுக்குக் கடுகின் அப்பா எழுதுவது.

இங்கே நானும் என் அக்காவும் சுகம். நீ சுகமா என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டா இல்லையா என்று தீர்ப்பில் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் கேட்டுவைக்கிறேன். வக்கீல் மூலமாக வராத கடிதம் என்று பயந்துவிடாதே. அக்காவே இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து உன் கையில் கொடுப்பாள். என் எண்ணை நீ போனில் தடுத்துவைத்திருக்கிறாய். நான் கத்திய கத்தலுக்கு அது நியாயம்தான். திட்டுவதாக இருந்தால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

முதலில் நல்ல செய்தி. கடுகுக்குச் சளி விட்டுவிட்டது. முன்பல் ஒன்று ஆடுகிறது, நாளெல்லாம் நாக்கால் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறாள். அப்போதும் வாய் ஓயவில்லை. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சொல்லி நீ வைத்த செல்லப்பெயர் பொருத்தம்தான். இப்போது காலை பதினொரு மணி, என் மடியில் தூங்குகிறாள். இடது கையால் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஏன் அப்படிப் பிடித்திருக்கிறேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆரம்பம் உனக்கும் தெரியும். பள்ளியில் சேரும்வரை பதினைந்து நாள் உன்னிடம், பதினைந்து நாள் என்னிடம் என்று தீர்ப்பானபோது, ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் குழந்தை இரண்டு நாள் அழுதாள். குடும்ப நீதிமன்றத்து ஆலோசகர் அம்மா நம்மை உட்காரவைத்து, இரண்டு வீட்டிலும் பழகிய பொருள் ஏதாவது ஒன்று ஒரே மாதிரி இருக்கட்டும், ஒரு தலையணை போதும் என்றார். தலையணையோடு நிறுத்துகிற ஆட்களா நாம்? நான் தடுக்கில் பாய்ந்தால் நீ கோலத்தில் பாய்கிறவள். நான் உன் வீட்டிலிருப்பது போலவே கட்டில் வாங்கினேன். நீ என் வீட்டிலிருப்பது போலவே திரைச்சீலை தைத்தாய். நான் கட்டட வரைபடம் போடுகிறவன். அக்காவிடம் டேப்பைக் கொடுத்தனுப்பி உன் வீட்டு அறையின் அளவை வாங்கி, இங்கே ஒரு தடுப்புச்சுவர் எழுப்பி, அரை அங்குலம் பிசகாமல் அதே அறையைக் கட்டினேன். நீ பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறவள். ஒரே கலவையில் இரண்டு டப்பா மஞ்சள் கலந்து ஒன்றை இங்கே அனுப்பினாய். உன் வீட்டுச் சுவரில் ஆணி கிழித்த கோடு ஒன்று இருக்கிறதென்று கடுகு சொன்னாள். மறுநாளே நானும் ஆணியை எடுத்துக் கிழித்தேன்.

ஏழு வருடக் குடித்தனத்தில் குப்பைத்தொட்டியை எங்கே வைப்பது என்பதில்கூட நாம் ஒத்துப்போனதில்லை. பிரிந்த பிறகுதான் இவ்வளவு ஒத்துப்போனோம். யார் யாரிடம் தோற்பது என்ற வீம்பைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அழுகை என்னவோ நின்றுவிட்டது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, அக்கா கடைக்குப் போயிருந்தாள். நான் கூடத்தில் வேலையாக இருந்தேன். கடுகு என்னைத் தாண்டிப் போகும்போது, அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். விளையாட்டு என்று விட்டுவிட்டேன். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். விரித்த தலையோடு போனவள் இரட்டைப் பின்னலோடு வந்தாள். உன் பின்னல்தான். காதுக்குப் பின்னால் இறுக்கி, நுனியை இரண்டு முறை மடித்துக் கட்டியது. எனக்கும் அக்காவுக்கும் அது ஜென்மத்தில் வராது. கன்னத்தில் பச்சை பெயிண்டில் ஒரு விரல்பதிவு வேறு, ஈரம்கூடக் காயவில்லை.

எங்கள் வீட்டில் பச்சை பெயிண்ட் கிடையாது. அறை சன்னலுக்குக் கம்பி உண்டு. வாசல் என் கண்ணெதிரே இருந்தது. ஆனாலும் நீ கள்ளச்சாவி போட்டு வந்து போயிருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். வேறு எதை நினைப்பது? வக்கீலிடம் சொல்லி உனக்கு நோட்டீஸ் அனுப்பினேன்.

அதே வாரம் உன் நோட்டீஸும் வந்து சேர்ந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, உன் முறை இல்லாத நாளில், குழந்தையைச் சொல்லாமல் கொள்ளாமல் உன் வீட்டு அறையில் விட்டுவிட்டு, நீ தலை பின்னிவிட்டுத் திரும்புவதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டேன் என்று அதில் இருந்தது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா என்று என் வக்கீல் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் நீ பதில் நோட்டீஸ், நான் அதற்குப் பதில் நோட்டீஸ். எல்லாம் கோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. போன வாரம்தான் உன்னுடையதையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நாளும் நேரமும் ஒன்றாகவே இருந்தன. நாம் இருவருமே பொய் சொல்லவில்லை.

போன வாய்தாவில் நீதிபதி அவளைத் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டு, பள்ளிக்கூடம் திறந்ததும் யாரோடு இருக்கப் பிரியம் என்று கேட்டாரல்லவா? ரூமிலேயே இருந்துகொள்கிறேன் என்றாளாம். எந்த வீட்டு ரூம் என்று கேட்டதற்கு, “ஒரே ரூம்தானே இருக்கு, ரெண்டு பக்கமும் கதவு” என்றாளாம். ஆலோசகர் அம்மா அதைச் சொன்னபோது நான் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. என்னிடம் எப்படிச் சொல்வாய், நான்தான் எதைச் சொன்னாலும் நோட்டீஸ் அனுப்புகிறவனாயிற்றே.

இந்தப் பதினைந்து நாளில் அவள் அறைக்குள் போனால் திரும்பி வர நேரமாகிறது. முதலில் கால் மணி, பிறகு அரை மணி, திங்கட்கிழமை ஒரு மணி. புதன்கிழமை அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். கடுகு அழவில்லை, கதவோரமாக உட்கார்ந்து காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். வளையல் சத்தத்தோடு இரண்டு தட்டு, நீ தட்டுவது போல. திறக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. உள்ளே யாரும் இல்லை. என் கைக்கடியில் நுழைந்து கடுகு உள்ளே ஓடிவிட்டாள்.

நேற்று மதியம் போனவள் விளக்குப் போடும் வரை வரவில்லை. நான்கு முறை கதவைத் திறந்து பார்த்தேன். கட்டில் காலி, தலையணை மட்டும் சூடாக இருந்தது. உன்னிடம்தான் இருக்கிறாள், பத்திரமாக இருக்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வெளியே வந்ததும், இவ்வளவு நேரம் அம்மாவோடு என்ன செய்தாய் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அம்மாவும் கதவத் தொறந்தா. நீயும் தொறந்தே. நான் அங்கதான்ப்பா உக்காந்திருந்தேன். ரெண்டு பேருமே பாக்கலை.”

அவ்வளவு நேரமும் அவள் உன்னிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இரண்டில் ஒன்று இடிந்தால்தான் மற்றது வெறும் அறையாகும். என்னுடையதை இடிக்கிறேன். ஆனால் இடிக்கும்போது யாராவது அவளைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அக்கா கையிலிருந்து வழுக்கிப் போய்விடுகிறாள். என் பிடியும் போதவில்லை என்று நேற்றுத் தெரிந்துபோயிற்று. அவள் எங்கிருந்தாலும் நிற்பது உன் கைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல் பஸ் நிலையத்தில் அவளை உன்னிடம் விடுகிறேன். உன் வீட்டுக்குக் கூட்டிப்போகாதே, உன் தம்பி வீட்டில் இரு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சுவரில் கடப்பாரையை வைக்கிறேன். அந்த நேரம் அவள் கையை விட்டுவிடாதே.

அடுத்த வாய்தாவில், வளர்க்கும் பொறுப்பு முழுதும் உனக்கே என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அவள் செலவுக்கு நான் தரவேண்டியது தவறாமல் வரும். மாதத்தில் இரண்டு நாள் வந்து பார்க்கிறேன், கூடத்தில் உட்காரவிட்டால் போதும். விட்டுக்கொடுக்கிறானே, இதில் என்ன சூழ்ச்சி என்று உன் வக்கீல் கேட்பார். ஒன்றும் இல்லை என்று சொல். அவள் இல்லாத வீட்டில் எப்படி இருக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் அவள் எங்கேயுமே இல்லாமல் போவதைவிட அது மேல்.

இதுவரை எழுதிவிட்டு அக்காவைக் கூப்பிடப்போனேன், வாசல் மணி அடித்தது. உன் தம்பி நின்றிருந்தான். பழக்கதோஷத்தில் மாமா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். நீ கொடுத்தனுப்பிய உறையைக் கொடுத்துவிட்டு, உட்காரச் சொன்னால் உட்காரமாட்டேன் என்று நிற்கிறான். பிரித்துப் படித்தேன். நீயும் உன் சுவரை இடிக்கப் போகிறாய். குழந்தையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நீயும் திங்கட்கிழமை பத்து மணி என்றே குறித்திருக்கிறாய்.

வேண்டாம். உன் காலில் விழுந்து கேட்கிறேன், கடப்பாரையைத் தொடாதே. இரண்டும் ஒரே நேரத்தில் இடிந்தால் அவள் எந்தக் கதவைத் திறந்து வருவாள்? என்னிடம் தோற்கக்கூடாது என்று இத்தனை வருடம் நின்றாயே, இந்த ஒரு தடவை தோற்றுப்போ. அவளை நீ வைத்துக்கொள், நன்றாக வளர்த்துவிடு. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உன் தம்பியின் கையிலேயே இதைக் கொடுத்து ஓடச் சொல்கிறேன். சரி என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு, அதுவரை நான் இவளைக் கீழே இறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா