அம்மாவின் மாத்திரையும் அபினும்

செவ்வாய், இரவு

இதை யார் எடுத்தாலும் அப்பாவிடம் காட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

காலையில் பள்ளியில் போதைப்பொருளைத் தொட மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தோம். மாலையில், அம்மாவின் புற்றுநோய் வலிக்குத் தரும் மாத்திரை அபினிலிருந்து வருவது என்று படித்தேன். பயந்துபோய் அதை ஜாமெட்ரி பாக்ஸில் ஒளித்துவிட்டேன்.

பிறகு அகராதியைப் பார்த்தேன். 'அபின்' கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம். சாறு என்று பொருள். கசகசாச் செடியின் காயில் வடியும் பால்தான் அது. வெறும் சாறு!

நேற்று அந்த மாத்திரை போட்ட பிறகுதான் அம்மா வெகுநாள் கழித்துச் சிரித்தாள். "குருமால கசகசா பத்தலீனு உங்கப்பாகிட்டச் சொல்லு கண்ணு" என்றாள்.

ஒன்பது மணி மாத்திரைக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. கொடுத்துவிடுவேன். நாளையும் அம்மா சிரிப்பாள்.

கதவு தட்டுகிறது. அப்பாதான்.

"சாமி, அம்மா மாத்திரையப் பாத்தியா?"

இதோ, ஜாமெட்ரி பாக்ஸைத் திறக்கிறேன்.