ஒரே குழலில்

மெலோ,
உருகுவே,
செப்டம்பர் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

‘அன்புள்ள’ என்று இந்த முறை வழக்கத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் வேலை முகாமிலிருந்து திரும்பிய மறுநாளே ஆஸ்பத்திரி. வயிறு உப்பி, கை முழுக்கத் தடிப்பு. கோதுமை உள்ளே போயிருக்கிறது என்றார் டாக்டர். அந்த ஒரு வாரமும் நான் சாப்பிட்டது உங்கள் சமையலைத்தான்.

ஜூனில் ஒவ்வாமை என்று தெரிந்ததிலிருந்து அம்மாவும் நானும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. மரக்கரண்டி, சல்லடை, மாவு தேய்க்கும் பலகை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டோம். மரவள்ளி மாவில் நான் சுட்ட முதல் ரொட்டியை நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. நாலாவது முறைதான், முட்டையும் பாலாடைக்கட்டியும் சேர்த்தால் மாவு பிடித்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தேன்.

ஆட்டு ரோமம் கத்தரிக்கிற முப்பது பேருக்குச் சமைக்கிறவர் நீங்கள். என் ஒருத்திக்குச் சமைக்க முடியவில்லையா? அந்த முப்பது பேரில் ஒருவர், ஹெர்வாசியோ, சட்டிக்குப் பக்கத்தில் நின்று, “என்ன பிள்ளை, ஒரு சிட்டிகை மாவு உள்ள போனா குடலா அறுந்துடும்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

குழம்பு கெட்டியாக இருந்தது. மாவு கரைத்து ஊற்றிவிட்டு இல்லை என்று பொய் சொன்னீர்கள். டிசம்பர் விடுமுறைக்கு நான் வரமாட்டேன்.

யனினா


முகாம்,
அக்டோபர் 4

மகளே,

உன் கடுதாசியை பஸ் டிரைவர் கொண்டாந்து குடுத்தார். ஆசையா எல்லார் முன்னாடியும் பிரிச்சுத் தொலைச்சேன்.

மாவு கரைக்கலை. பரங்கிக்காயை மசிச்சு ஊத்தினேன், அதான் கெட்டி. உனக்குன்னு தனிச் சட்டி, தனிக் கரண்டி. சிவப்புக் கயிறு கட்டி ஆணியில மாட்டியிருந்தேன், நீயே பாத்தே. அதைத் தொட்ட ஒருத்தன் முட்டியில அந்தக் கரண்டியாலேயே போட்டேன். “சமையக்காரரே, உம்ம மக என்ன மகாராணியா?”ன்னானுக. கேட்டுக்கிட்டேன்.

மழை பேஞ்ச ரெண்டு நாளும் ஆளுங்களுக்குக் கோதுமை மாவைத் தட்டித் தோர்த்தா பொரிச்சேன், நிஜம்தான். ஆடு நனைஞ்சா வேலை கிடையாது, தின்னாத்தான் பொழுது போகும். ஆனா அது கொட்டகைக்கு அந்தப் பக்கம், வேற அடுப்பு, வேற எண்ணெய்.

பதினெட்டு வருஷமா சமைக்கிறேன். என் சோத்தால ஒருத்தன் படுத்ததில்லை. பெத்த பொண்ணு என்னைப் பொய்யன்னு எழுதுறா. வரவேண்டாம்னா வராதே.

எலெவ்தேரியோ


மெலோ,
அக்டோபர் 13

அப்பாவுக்கு,

அந்த வாரம் வாய்க்குள் போனதையெல்லாம் எழுதி வரச் சொன்னார் டாக்டர். என் நோட்டில் எல்லாம் இருந்தது. விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“மாத்தே குடிச்சியா? உறிஞ்சுற குழல் யாரோடது?”

“எல்லாரோடதும்தான். மாத்தே இலை போட்டு வெந்நீர் ஊத்தின ஒரு குடுவை, ஒரு குழல், கைமாறி வரும்.”

“உனக்கு முன்னாடி யார் உறிஞ்சினா?”

“ஹெர்வாசியோ.”

“அவர் என்ன தின்னுட்டிருந்தார்?”

தோர்த்தா, அப்பா. இரண்டு கையிலும். அவருக்கு முன்னால் நீங்கள், மீசையெல்லாம் துணுக்கு. வெந்நீர் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று நான் நினைத்திருந்தேன். கோதுமை என்ன கிருமியா, சாவதற்கு?

ஆக, உங்கள் சட்டிமேல் குற்றமில்லை. பொய் என்று எழுதியது தப்பு. அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

ஆனால் கோபம் போகவில்லை, கூடித்தான் இருக்கிறது. நாலு வருடம் அந்த வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து நீங்கள் குடிப்பதைப் பார்த்தேன். இந்த வருடம்தான் “பதிமூணு ஆச்சு, அவளுக்கும் ஊத்துங்க” என்று ஹெர்வாசியோவே நகர்ந்து இடம் கொடுத்தார். இனிமேல் குடுவை என்னிடம் வரும்போதெல்லாம் வேண்டாம் என்று தலையாட்ட வேண்டும். தனிக் குடுவையோடு மூலையில் உட்கார நான் வரமாட்டேன்.

அப்புறம், நீங்கள் சிரித்ததைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

யனினா


முகாம்,
நவம்பர் 2

யனினா,

மீசையை எடுத்துட்டேன். இருபது வருஷ மீசை. காலையில ஹெர்வாசியோ, “புது சமையக்காரரா? எங்க பழைய ஆளைப் புதைச்சாச்சா?”ன்னான். முப்பது பேரும் சிரிச்சானுக. இன்னும் ஓயலை. எனக்கு வந்த கோபத்துல குழம்புல ரெண்டு தடவை உப்புப் போட்டேன், தின்னட்டும்.

அன்னைக்கு நானும் சிரிச்சேன். அவனுங்களோட தினமும் இருக்கணுமேன்னு சிரிச்சேன். இதை எழுத மூணு தாள் கிழிஞ்சுது.

பதினஞ்சு நாளா நான் கோதுமை தின்னலை. உன் ரொட்டியைச் சுட்டுப் பாத்தேன், கல்லு. முட்டை எத்தனைன்னு எழுதித் தொலைச்சா என்ன? புதுக் குடுவையும் குழலும் வாங்கி, சிவப்புக் கயிறு கட்டி உன் ஆணியில மாட்டியிருக்கேன். அதுல நீயும் நானும் மட்டும்தான்.

அப்பா


மெலோ,
நவம்பர் 9

அப்பா,

முட்டை இரண்டு. பாலாடைக்கட்டி இரண்டு கைப்பிடி. மரவள்ளி மாவைப் பழைய சல்லடையிலா சலித்தீர்கள்? பதினெட்டு வருடக் கோதுமை ஒட்டியிருக்கும்! இன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.

எனக்கு இன்னும் கோபம்தான். டிசம்பர் 16ஆம் தேதி பஸ்ஸில் வந்து மிச்சத்தை நேரில் சொல்கிறேன். மீசை இல்லாமல் எனக்கு உங்களை அடையாளம் தெரியாது. பஸ் நின்றதும் தொப்பியைத் தூக்கிக் காட்டுங்கள்.

யனினா